லீகல் டூல்ஸ் தரவுத்தளம்: காசில்லை, கவனம் தேவை

பன்னாட்டுக் குற்றவியல் சட்டத்தில் கால்வைக்கும் இளம் வழக்கறிஞருக்கு, ஹேக் நகரின் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் தரும் உருப்படியான இலவசச் சேவை இது. நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் வழக்கின் ஆவணங்களும் யூகோஸ்லாவியா, ருவாண்டா தீர்ப்பாயங்களின் ஆணைகளும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன.

தேடல் பெட்டியில் பெயரை மட்டும் இட்டால் முடிவுகள் குவிந்துவிடும். ஆவண எண்ணை இடுங்கள். ICC-01/04-01/06-2842 என்பது காங்கோ ஆயுதக் குழுத் தலைவர் லுபாங்கா மீதான தீர்ப்பு (14 மார்ச் 2012). முதல் இணை (01/04) நீதிமன்றம் விசாரிக்கும் காங்கோ நிலவரத்தையும் இரண்டாவது (01/06) 2006இன் முதல் வழக்கையும் குறிக்கும். கடைசி எண் ஆவணத்தின் வரிசை. எண்ணுக்குப் பின் வரும் பின்னொட்டில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'ரெட்' (Red) என்றால் மறைப்புகளோடு வெளியான பொதுப் பிரதி. பிறகு 'ரெட்2' வந்திருந்தால், முன்பு மறைத்த பத்திகள் அதில் திறந்திருக்கலாம். பழையதை மேற்கோள் காட்டினால் எதிர்த்தரப்பு சும்மா விடாது. 'கார்' (Corr) இருந்தால் பிழைதிருத்தப் பிரதி, அதையே எடுங்கள்.

பெரிய குறை: மேல்முறையீட்டில் கவிழ்ந்த தீர்ப்பு தேடலில் பழைய மிடுக்கோடுதான் வந்து நிற்கும். காங்கோ அரசியல்வாதி பெம்பாவைக் குற்றவாளி என்ற 2016 தீர்ப்பைப் படிப்பவர், 2018 ஜூன் 8இல் அவர் விடுதலையானதைத் தனியே தேட வேண்டும்.

பழைய ஸ்கேன்களில் சொல் தேடலை முழுதாக நம்ப வேண்டாம். இணைப்பு தரும்போது நிலையான இணைப்பையே நகலெடுங்கள். நீதிமன்றத்தின் வழக்கறிஞர் பட்டியலில் சேரப் பத்தாண்டு அனுபவம் வேண்டும். இந்தத் தரவுத்தளத்தைப் பழக அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம்.