அம்மாவின் பெயர் இருந்த இடத்தில் 10 கேள்விக்குறிகள்

இந்த முறை ஊரில் ஐந்து வாரம் நின்றேன். நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்த காலம். நான் நோர்வேயின் வடக்கே ட்ரொம்சோவில் வசிக்கிறேன். அம்மா யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் இருக்கிறார். அவரைச் சில மாதங்களுக்கு என்னிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்கு அவருடைய பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதி தேவை. பயணத்துக்கு முன் இரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். என் பெட்டியில் அடங்காத சாமான்களைப் பொதியாக அனுப்ப வேண்டும். மூன்று வேலைகளும் முடிந்தன. யாரும் எங்களை அலைக்கழிக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளைகள் பொறுமையானவர்கள். ஆனால் மூன்று இடங்களிலும் கணினி அம்மாவின் பெயரைத் தாங்கவில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அம்மாவின் பெயர் ஸ்ரீரஞ்சனி.

நகரத்தில் உள்ள ஒரு தனியார் மருத்துவ ஆய்வுகூடத்தில் முதலில் பதிந்தோம். வெறும் வயிற்றோடு அம்மா வரிசையில் நிற்கக் கூடாது என்று முதல் நாள் இரவே இணையத்தளத்தில் பதிவு செய்தேன். பக்கம் அழகான தமிழில் இருந்தது. முழுப் பெயர், வயது, முகவரி, தொலைபேசி இலக்கம் எல்லாம் தமிழில் கேட்டது. தமிழில் கேட்டால் தமிழில்தானே பதில் சொல்ல வேண்டும்? அம்மாவின் பெயரைத் தமிழில் தட்டினேன். ஏற்றுக்கொண்டு ஓர் எண்ணும் தந்தது. விடிய ஆறரை மணிக்குப் போனோம். ஏழு மணிக்கு இரத்தம் எடுத்து முடித்து, வெளியே தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். இவ்வளவு நேர்த்தியான சேவையை நான் எதிர்பார்க்கவில்லை.

மாலையில் அறிக்கையை வாங்கினேன். சீனி, கொழுப்பு எல்லாம் ஒழுங்காக அச்சாகியிருந்தன. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள். எண்ணிப் பார்த்தேன், சரியாக 10.

அந்தப் 10 எங்கிருந்து வந்தது என்று பின்னர்தான் விளங்கியது. கணினிக்கு ஸ்ரீரஞ்சனி என்பது ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி, ர, ஞ, புள்ளி, ச, ன, இகரக் குறி என்று 10 துண்டுகள். ஒவ்வொன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. சேர்ந்த இடத்தில் தமிழுக்கு இடம் இல்லாததால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறியை வைத்துவிட்டு அசலை எறிந்துவிட்டது. அன்று காலை எங்களுக்குப் பக்கத்து நாற்காலியில் புவனேஸ்வரி என்ற அம்மா ஒருவர் இருந்தார். அவருடைய பெயரையும் பிரித்துப் பாருங்கள்: ப, உகரக் குறி, வ, ன, ஏகாரக் குறி, ஸ, புள்ளி, வ, ர, இகரக் குறி. அதுவும் 10. அவரும் தமிழில் பதிந்திருந்தால், இரண்டு வயோதிபப் பெண்களின் இரத்த அறிக்கைகளிலும் பெயர் என்று ஒரே 10 கேள்விக்குறிகள்தான் இருந்திருக்கும். ஒருவருக்கு நீரிழிவு, மற்றவருக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சின்ன விடயம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

மேசையில் இருந்த தங்கச்சி அறிக்கையை வாங்கி, கேள்விக்குறிகளின் மேல் நீல மையால் கோடு போட்டு, அம்மாவின் பெயரைத் தமிழில் எழுதி முத்திரையும் குத்தித் தந்தார். "அடுத்த முறை ஆங்கிலத்தில் பதியுங்கள் அக்கா, பிரச்சினை வராது" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் இதே வாக்கியத்தை இந்த ஐந்து வாரத்தில் நான்கு இடங்களில் கேட்டேன்.

ஆங்கிலத்தில் எழுதினால் பிரச்சினை வராதா? அம்மாவின் அடையாள அட்டையில் 'ஸ்ரீ' என்பது எஸ், ஆர், ஐ. வங்கிப் புத்தகத்தில் கடைசியில் இரண்டு ஈ. கடவுச்சீட்டில் எஸ்ஸுக்குப் பிறகு ஓர் எச்சும் சேர்ந்திருக்கிறது. மூன்றும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்துத்தான் சென்ற முறை ஓர் அலுவலைப் பார்த்தோம். பெயரை வைத்த அப்பு ஆங்கிலத்தில் வைக்கவில்லை. தமிழில் வைத்த பெயரை ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வோர் எழுதுவினைஞர் தன் காதுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார். 1987 இல் அரசியலமைப்புக்கு வந்த 13 ஆவது திருத்தம் தமிழையும் இந்த நாட்டின் அரசகரும மொழியாக்கியது. இன்று படிவங்களின் தலைப்புகள் தமிழில் இருக்கின்றன. பெட்டிக்குள்தான் தமிழ் போக முடியாமல் இருக்கிறது.

ஆய்வுகூடத்தின் இணையப் பக்கத்தில் கருத்துத் தெரிவிக்கும் படிவம் ஒன்றும் இருந்தது. முறையிடலாம் என்று என் பெயரைத் தட்டினேன். 'பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்கலாம்' என்று சிவப்பில் சொன்னது. எழுத்துகளைத்தானே எழுதினேன்! விடாமல் வேறு பெயர்களைப் போட்டுப் பார்த்தேன். 'கமல' என்றால் ஏற்றுக்கொண்டது, 'கமலா' என்றால் தள்ளியது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் ஒருங்குறி (யுனிகோட்) அட்டவணையில் க, ம, ல எல்லாம் எழுத்து என்ற வகையில் இருக்கின்றன. கால், கொம்பு, புள்ளி முதலியவை குறி என்ற வேறு வகையில் இருக்கின்றன. உலக மொழிகள் எல்லாவற்றின் எழுத்தையும் ஏற்கிறோம் என்று நல்ல எண்ணத்தோடு நிரல் எழுதியவர், குறிகளையும் சேர்த்துக்கொள்ள மறந்துவிட்டார். ஒரு குறியும் இல்லாமல் எத்தனை தமிழ்ப் பெயர்கள் இருக்கின்றன? தமிழ் தெரிந்த ஒருவர் ஒரே ஒருமுறை தன் பெயரைத் தட்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இதையெல்லாம் எனக்கு விளக்கியவர் பஸ் நிலையத்துக்கு அருகில் கொமினிகேசன் நடத்தும் ஒரு தம்பி. போட்டோ கொப்பி எடுக்கப் போன இடத்தில் அறிக்கையைப் பார்த்துவிட்டு அவரே பேச்சைத் தொடங்கினார். ஆய்வுகூடத்திலிருந்து எனக்கு வந்த மின்னஞ்சலையும் காட்டினேன். அதில் கேள்விக்குறி இல்லை. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர் என்று பக்கம் முழுவதும் ஒரே கோலம். தம்பி அதைப் பிரதிசெய்து திரையில் இருந்த ஒரு கட்டத்துக்குள் ஒட்டினார். ஒரு நொடியில் தமிழாகிவிட்டது! எழுத்துகளைச் சேமிக்க இணையத்தில் பெரும்பாலும் புழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்த் துண்டுக்கும் மூன்று பைட்டுகள். அவற்றை மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று தவறாக நினைத்து ஒவ்வொன்றாக வாசித்தால் இந்தக் கோலம் வருமாம். வாசித்தவர் பிழைவிட்டாரே தவிர, கடிதம் பத்திரமாக இருக்கிறது. அம்மாவின் கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி கட்டம் கட்டமாகத் தெரிவதும் அப்படித்தான். செய்தி முழுதாக வந்திருக்கிறது, காட்டுவதற்கு எழுத்துரு இல்லை. கேள்விக்குறிகளைக் காட்டி இதையும் மீட்கலாமா என்று கேட்டேன். தம்பி இல்லை என்று தலையை ஆட்டினார். அங்கே மீட்பதற்கு எதுவும் மிச்சம் இல்லை.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று என்னைத் திகைக்க வைத்தது. உலகமெங்கும் புழங்கும் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில், அமைப்பவர் ஒன்றும் சொல்லாவிட்டால், அட்டவணை மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கு மட்டும் இடம் வைத்து உருவாகி வந்தது. வரிசைப்படுத்தும் முறையோ சுவீடன் நாட்டு அகரவரிசை. மென்பொருளை உருவாக்கியவர்கள் அந்தப் பக்கத்தவர்கள். 2018 இல் வெளிவந்த 8 ஆம் பதிப்பில்தான் இயல்புநிலை எல்லா மொழிகளுக்கும் பொதுவானதாக மாறியது. அதற்கு முன் அமைத்த அட்டவணைகள் தாமாக மாறுவதில்லை. நான் வாழும் நாட்டின் பக்கத்து நாட்டு எழுத்துகளுக்குக் கேட்காமலே கிடைத்த இடம், யாழ்ப்பாணத்து நோயாளியின் பெயருக்கு யாராவது கேட்டால்தான் கிடைக்கும்.

அந்தக் கடையில் இன்னொன்றையும் பார்த்தேன். பழைய கோப்புகள் பல இன்னும் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. நாங்கள் படித்த காலத்தில் தட்டெழுத்து என்றாலே பாமினிதான். ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் முகத்தைப் பூட்டிய ஏற்பாடு அது. புள்ளி இருந்தது அரைப்புள்ளி விசையில். அந்தக் கோப்பிலிருந்து ஒரு பெயரைப் பிரதிசெய்து இணையப் படிவத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக விழுகிறது. ஆனாலும் அன்றைக்கு வேறு வழி இல்லாதபோது எங்கள் ஆட்கள் தாங்களாகவே ஒரு வழி செய்து, கலியாண அழைப்பிதழ் முதல் இறந்தவர் நினைவாக வெளியிடும் கல்வெட்டு வரை அச்சடித்தார்கள். அதை நான் குறைவாக நினைக்க மாட்டேன்.

இனிப் பிறப்புச் சான்றிதழ். தமிழில் எழுதினால் ஒரே எழுத்துக்கூட்டல், குழப்பமே இல்லை என்று அம்மாவிடம் அடித்துச் சொல்லியிருந்தேன். அடுத்த வாரமே அதற்குச் சோதனை வந்தது. ஓர் அரச அலுவலகத்தில் பழைய பதிவுகளின் சுட்டியைக் கணினியில் ஏற்றியிருந்தார்கள். உத்தியோகத்தர் அம்மாவின் பெயரைத் தமிழிலேயே தட்டித் தேடினார். 'பதிவு இல்லை' என்று வந்தது. அம்மாவின் முகம் வாடிவிட்டது. "நான் பிறக்கவே இல்லையாமோ பிள்ளை?" என்று என் காதுக்குள் கேட்டார். அந்த உத்தியோகத்தரின் கெட்டித்தனத்தைச் சொல்ல வேண்டும். அவர் தகப்பன் பெயரைப் போட்டுத் தேடினார். பதிவு உடனே வந்தது. அதில் ஸ்ரீரஞ்சனி என்றே இருந்தது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. மறுபடியும் அதே பெயரைத் தட்டித் தேடினார், பதிவு இல்லை.

கடைத்தம்பியிடம்தான் இதற்கும் விடை இருந்தது. ஸ்ரீ என்ற வடிவத்தைக் கணினியில் இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, ஸ் என்பதோடு ரீ. மற்றது, ஶ் என்ற, நாம் அதிகம் எழுதாத கிரந்த எழுத்தோடு ரீ. ஶ எழுத்து 2005 இல் ஒருங்குறியின் 4.1 பதிப்பில்தான் சேர்ந்தது. சில விசைப்பலகைகள் ஒருவிதமாகவும் சில மற்றவிதமாகவும் தட்டுகின்றன. திரையிலோ இரண்டுக்கும் ஒரே முகம். கொ என்பதையும் ஒற்றைக் குறியாகவோ, கொம்பும் காலுமாகப் பிரித்தோ எழுதலாம், ஆனால் அவை இரண்டும் சமம் என்று ஒருங்குறியே சொல்லிவைத்திருக்கிறது. மென்பொருள் அந்த விதியைப் பின்பற்றினால் போதும். ஸ்ரீக்கு அப்படி விதி இல்லை. ஔ எழுதுவதற்குப் பதில் ஒவும் ளவும் சேர்த்து எழுதுவதற்கும் விதி இல்லை. தேடலை அமைக்கிறவர்தான் இரண்டும் ஒன்று என்று கணினிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதற்கு அவருக்குத் தமிழ் தெரிய வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஸ்ரீகாந்தன், ஸ்ரீதேவி, ஸ்ரீஸ்கந்தராசா என்று எத்தனை பேர்! தகப்பன் பெயரைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றாத ஓர் உத்தியோகத்தரிடம் அவர்கள் போனால் என்ன ஆவார்கள்?

பிரதி கையில் கிடைத்தபோது அது பதிவேட்டுப் பக்கத்தின் படமாகவே இருந்தது. 1953 இல் பதிவாளர் பேனாவால் எழுதிய எழுத்து. ரஞ்சனியின் ஞகரத்தில் புள்ளி தெளிவாக இருந்தது. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதில் இருந்த தகப்பனின் கையொப்பத்தையே நெடுநேரம் பார்த்தபடி இருந்தார்.

பொதி அனுப்பிய கதை சுருக்கமானது. புழுக்கொடியல், வறுத்த மிளகாய்த்தூள், பனங்கட்டி. அனுப்புநர் பெயர் தமிழில் ஏறாது என்பது அதற்குள் எனக்குப் பழகிவிட்டது. ஆனால் பெறுநர் ஊரும் ஏறவில்லை. ட்ரொம்சோவின் கடைசி எழுத்து குறுக்குக் கோடு போட்ட ஓ. படிவம் ஆங்கிலத்தின் 26 எழுத்துகளைத் தவிர வேறெதையும் உள்ளே விடவில்லை. கடவுச்சீட்டுகளில் இயந்திரம் வாசிக்கும் வரிகளில் அந்த எழுத்தை ஓவும் ஈயுமாக எழுதுவது சர்வதேச விதி. இங்கே வெறும் ஓ போட்டோம். நான்கு இலக்க அஞ்சல் குறியீடு இருப்பதால் பொதி வந்து சேர்ந்துவிட்டது. நோர்வே எழுத்தும் தமிழ் எழுத்தும் அன்று ஒரே வாசலில் நின்றன, ஒன்றுக்கு மட்டும் மாற்று வழி எழுதிவைத்திருந்தது.

முடியாத காரியம் ஒன்றையும் நான் கேட்கவில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் தமிழிலேயே தேடி எடுக்கிறோம். .இலங்கை என்று முடியும் தமிழ் இணைய முகவரி 2010 இலிருந்து இந்த நாட்டுக்கு இருக்கிறது. குறுஞ்செய்தியில் ஆங்கிலம் என்றால் 160 எழுத்து, தமிழ் என்றால் 70 துண்டு என்பதால் செலவு கூடும் என்கிறார்கள். அது உண்மைதான், அதை ஒப்புக்கொள்கிறேன். பெயரை அழிக்காமல் வைத்திருப்பதற்கு அப்படி ஒரு செலவு இல்லை.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு ஆய்வுகூடத்துக்கு மறுபடி போனேன். இணையப் படிவம் என் பெயரை ஏற்காததால் ஒரு பக்கக் கடிதத்தைக் கையால் எழுதிக்கொண்டு போனேன். கமலா, ஸ்ரீரஞ்சனி, புவனேஸ்வரி என்ற மூன்று பெயர்களைப் பதிந்து, அவை அறிக்கையிலும் மின்னஞ்சலிலும் தேடலிலும் அதே வடிவில் திரும்பி வருகின்றனவா என்று பார்க்கும்படி கேட்டிருந்தேன். அந்த மூன்றும் சரியாக வந்தால் மற்றவை பெரும்பாலும் சரியாக வரும். முகாமையாளர் நின்றபடியே இரண்டு தரம் வாசித்தார். புவனேஸ்வரி அம்மாவின் பத்திக்கு வந்தபோது உட்கார்ந்துவிட்டார். கணினி அமைத்துக் கொடுத்தவர்கள் கொழும்பில் இருப்பதாகவும், கடிதத்தை அன்றைக்கே அனுப்புவதாகவும் சொல்லி, என் பிரதியில் திகதியோடு 'கிடைக்கப்பெற்றது' என்று முத்திரை குத்தித் தந்தார். அம்மாவுக்கு அடுத்த பரிசோதனை ஐப்பசியில். அறிக்கையைப் படம் எடுத்து அனுப்பும்படி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.