கல்லடி வீட்டுல ஒரு சன் என்டர்பிரைஸ் 450: பத்து வருசத்துக்கு மேல வச்சிப் பார்த்த அனுபவம்

94 கிலோ. மத்தக் கதையெல்லாம் மறுகா பார்ப்பம், முதல்ல இத மனசுல வைங்க. எல்லா டிஸ்க்கும் போட்டு நிறைச்சா சன் கம்பனிட இந்தப் பழைய சேர்வர் கம்ப்யூட்டர்ட பாரம் அவ்வளவு. கீழ சில்லு இரிக்குதான், ஆனா சில்லு சீமெந்து நிலத்துலதான் உருளும், எங்கட மட்டக்களப்புக் கல்லடி வளவு முழுக்க கடல் மணல். 2014ல கொழும்பில ஒரு கம்பனி பழைய சாமானெல்லாம் கழிக்கக்குள்ள இரும்பு விலைக்கு கிலோக் கணக்கில வாங்கி, பட்டா லொறியில ஏத்தி, விடிய அஞ்சு மணிக்கு கேற்றடியில வந்து இறக்கின, மறுகா பலகை போட்டு நாலு பேர் தோணி தள்ளுற மாதிரி தள்ளித்தான் உள்ளுக்கு எடுத்த. அம்மா வாசல்ல நிண்டு பார்த்திட்டு "என்ன மனே, ஃபிரிஜ்ஜா?" எண்டு கேட்டா. ஓமெண்டு சொல்லியிரிந்தா ஒரு வருசத்துப் பேச்சு மிச்சம்.

1997ல வந்த மெஷின் இது. அல்ட்ராஸ்பார்க் 2 ப்ராசஸர் நாலு வரைக்கும் போடலாம், ரேம் 4 ஜிபி வரைக்கும், முன்பக்கம் 20 ஸ்கஸி டிஸ்க், பின்பக்கம் மேலதிகக் கார்ட் கொழுவ 10 பிசிஐ ஸ்லொட். என்னிட்ட வந்ததுல 400 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர் நாலு, 2 ஜிபி ரேம். வேகத்தப் பத்திக் கதைக்க ஒண்டுமில்ல, கையில இரிக்கிற ஃபோன் இதத் தூக்கிச் சாப்பிடும். நான் வாங்கினது வேற விசயத்துக்கு. கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ணுறதோட பின்னேரத்துல கம்பஸ் பொடியன்மாருக்கு ஓப்பரேட்டிங் சிஸ்டம் பாடம் சொல்லிக் குடுக்கிறன், போர்டுல நாலு பெட்டி கீறி "இது நாலும் ஒரு மெமரிய பங்கு போடுது" எண்டு எத்தன நாளைக்குச் சொல்ற? மூடியக் கழட்டி இந்தா பார் எண்டு விரல வச்சிக் காட்ட ஏலுமான சாமான் ஒண்டு வேணும். இப்பத்த ப்ராசஸர்ல அதெல்லாம் நகத்தளவு சிலிக்கனுக்குள்ள போயிட்டு.

பக்கத்து மூடியக் கழட்டினா உண்மையா சந்தோசமா இரிக்கும். நாலு சிபியு மொடியூலும் நாலு புத்தகம் நிறுத்தி வச்ச மாதிரி நிக்கும், ஒவ்வொண்டும் கைக்கடக்கமான பெட்டி, உள்ளுக்கு ப்ராசஸரும் அதுக்குரிய 4 எம்பி வெளிக் கேஷும் (அடிக்கடி தேவைப்படுற தரவக் கிட்ட வச்சிக்கொள்ற கெதியான மெமரி). ஒவ்வொரு மொடியூலுக்கும் வோல்டேஜ் மாத்திக் குடுக்கிற தனிக் கார்ட் ஒண்டு. ஒரு சிபியு வேணாமெண்டா அதையும் அதுட கார்டையும் கழட்டி வைக்கலாம், மத்தது மூணும் தன்ட பாட்டுல ஓடும். ஒரேயொரு கட்டாயம், போடுற மொடியூல் எல்லாம் ஒரே வேகம், ஒரே கேஷ் அளவா இரிக்கணும். இது எனக்கு மறுகா வினையா வந்த, சொல்றன்.

ரேம் போடுறது நாலு நாலாத்தான். முதல்ல எனக்கு இது விசர்க் கத மாதிரி இரிந்த, ரெண்டு குச்சி கையில இரிந்தும் போட ஏலா. மனுவல வாசிச்ச பொறகுதான் கணக்கு விளங்கின. மெமரிப் பாதை 576 பிட் அகலம், அதுல 512 தரவு, 64 பிழை திருத்துற ஈசிசி. ஒரு குச்சிக்கு 144 பிட், நாலு சேர்ந்தா 576. ப்ராசஸர்ட வெளிக் கேஷ்ல ஒரு வரி 64 பைட், அதாவது அதே 512 பிட். ஆகவே ஒரு தரம் மெமரியத் தொட்டா ஒரு கேஷ் வரி முழுசா வந்திரும், ரெண்டாந்தரம் போகத் தேவையில்ல. நாலு பேரும் ஒண்டாப் பிடிச்சாத்தான் தோணி அசையும் எண்ட கணக்கு. இந்தக் கணக்கப் பொடியன்மாருக்கு காட்டின அண்டைக்குத்தான் வாங்கின காசு வந்து சேர்ந்திட்டு எண்டு நினைச்ச.

மத்த விசயம் குறுக்கு வழி, அதான் க்ரொஸ்பார். எங்கட ஆக்களுக்கு இத விளங்கப்படுத்த கல்லடிப் பாலம் காணும். பழைய லேடி மானிங் பாலத்துல ஒரு பக்கத்து வாகனம் வரக்குள்ள மத்தப் பக்கம் நிண்டு பார்த்துக்கொண்டு இரிக்கணும், 2013ல புதுப் பாலம் திறக்கிற மட்டும் அதான் கெதி. 80கள்ல, 90கள்ட தொடக்கத்துல வந்த கனக்க மல்ட்டிப்ராசஸர் யுனிக்ஸ் மெஷின் அப்பிடித்தான், சீக்வென்ட் கம்பனிட பேலன்ஸ், சிமெட்ரி எல்லாம் பஸ் எண்டு சொல்ற ஒரு பொதுத் தரவு வழியில சிபியு எல்லாத்தையும் கொழுவி வச்சது, ஒரு சிபியு கதைக்கக்குள்ள மத்ததெல்லாம் பொத்திக்கொண்டு இரிக்கணும். 450ல தரவு போற வழி சுவிச் மாதிரி, ஒரு சிபியு மெமரியோட கதைக்கிற நேரம் இன்னொரு சோடி தங்கட பாட்டுல கதைக்கலாம். வழி ஒண்டுட அகலம் 128 பிட், 100 மெகாஹெர்ட்ஸ்ல செக்கனுக்கு 1.6 ஜிபி. ஆனா எந்தச் சிபியுவிட கேஷ்ல புதுக் கொப்பி இரிக்கு எண்டு தேடுற வேலைய ஆரோ ஒராள் நடுவுல நிண்டு பார்க்கத்தான் வேணும், அதால பாலம் எவ்வளவு அகலமெண்டாலும் சந்தியில பொலிஸ்காரர் ஒராள்தான். நாலு சிபியுவுக்கு அது காணும். அதே 1997ல சன் விட்ட என்டர்பிரைஸ் 10000ல 64 சிபியு, அதுட கத வேற. சிலிக்கன் கிராபிக்ஸ் 1996ல ஒரிஜின் 2000ல மெமரியவே துண்டு துண்டாப் பிரிச்சி ஒவ்வொரு சோடி சிபியுக்குப் பக்கத்துல வச்சிட்டாங்க, கிட்டத்து மெமரி கெதியா வரும், தூரத்து மெமரி சுணங்கி வரும். எனக்கு அதுல ஒண்டு வாங்க ஆசதான், வைக்க இடமில்ல, வீட்டுல பர்மிசனும் இல்ல.

சன்ட ஓப்பரேட்டிங் சிஸ்டம் சோலாரிஸ் 10 போட்டுத்தான் பாவிச்ச. (11 இந்தப் பழைய ஸ்பார்க்குக்கு வராது, தேடி மினக்கெடாதீங்க. ஓப்பன்பிஎஸ்டியும் ஓடும்.) பொடியன்மார் எழுதின ஒரு புறோகிராம், நாலு த்ரெட் (ஒரே நேரம் ஓடுற வேலத் துண்டு), எல்லாம் ஒரு எண்ணிக்கைய ஒரு நேரத்துல ஒராள் மட்டும் போற ஒரே பூட்டுக்குள்ள கூட்டுது. நாலு சிபியு எண்டா நாலு மடங்கு கெதியா முடியும் எண்டு பந்தயம் பிடிச்சாங்க, ஓடவிட்டுப் பார்த்தா ஒரு சிபியுவில ஓடினத விட சுணக்கம். எம்பிஸ்டாட் எண்ட கட்டளையப் போட்டா ஒவ்வொரு சிபியுக்கும் ஒரு வரி ஓடும், த்ரெட் தூங்கி எழும்புற எண்ணிக்கை மடமடவெண்டு ஏறுது, உருப்படியான வேல ஒண்டும் நடக்கல்ல. மறுகா ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி எண்ணிக்கை குடுத்து கடைசியில கூட்டச் சொன்ன, அப்ப நாலு மடங்குக்குக் கிட்ட வந்த. பிஎஸ்ஆர்ஏடிஎம் எண்ட கட்டளையால சிபியுவ ஒவ்வொண்டா ஓஃப் பண்ணி நாலு, மூணு, ரெண்டு எண்டு கோடு கீறச் சொல்லுவன், மெஷின நிப்பாட்டத் தேவையில்ல.

சரி, திட்டுற பக்கத்துக்கு வருவம்.

கரண்ட். எட்டு டிஸ்க்கோட சும்மா நிக்கக்குள்ளயே மீற்றர்ல 450 வாட்ஸ் காட்டின, ஒரு நாள் முழுக்க விட்டா 11 யுனிற் கிட்ட. முதல் மாசம் பில் வந்த அண்டு மனிசி ஒண்டும் சொல்லல்ல, பில்ல கொண்டு வந்து மெஷினுக்கு மேல வச்சிட்டுப் போயிட்டா, அவ்வளவுதான். அதுக்குப் பொறகு ஞாயிறும் பௌர்ணமி போயா நாளும் மட்டும் போடுற. 2022ல நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டின நேரம் தொடவே இல்ல. இன்னொண்டு, சாதாரண பிளக்ல குடுத்து ஒன் பண்ணின முதல் நாளே ட்ரிப் சுவிச் விழுந்த. பவர் சப்ளைக்குள்ள இரிக்கிற ஃபில்டர் கொஞ்சம் கரண்ட எர்த்துக்கு கசிய விடும், எங்கட வீட்டு எர்த் கம்பி மணலுக்குள்ள சும்மா பேருக்கு நிண்டது. வயரிங் பாஸ் வந்து புது எர்த் அடிச்சி, தனி 15 அம்பியர் லைன் இழுத்துத் தந்த பொறகுதான் சரியான. சத்தம்? மழைக்குள்ள தகரக் கூரைக்குக் கீழ நிண்டு கதைக்கிற மாதிரி. அதே அறையில படுக்க ஏலா.

சாவிக்கத. முன்னால சாவி போட்டுத் திருப்புற சுவிச் ஒண்டு இரிக்கு, ஓஃப், ஓன், டயக்னொஸ்டிக், லொக் எண்டு நாலு நிலை. எனக்கு வித்தவங்க சாவிய எங்கயோ துலைச்சிட்டாங்க, ஓன்ல இரிந்தபடியே வந்த. பரவால்ல எண்டு விட்டன். கீபோர்ட் கொழுவாம சீரியல் கேபிளால லெப்டொப்ப குடுத்துத்தான் பாவிக்கிற, ஒரு நாள் ZFSக்கு (டிஸ்க் எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கிற ஃபைல் சிஸ்டம்) பெரிய கொப்பி ஒண்டு ஓடுது, லெப்டொப் பற்றரி செத்து ஓஃப் ஆன அதே செக்கன்ல மெஷினும் நிண்டிட்டு. நான் மெஷின் போயிட்டெண்டு தலையில கைய வச்சிட்டன். பார்த்தா சீரியல் லைன் அறுந்தத அது "பிரேக்" எண்டு விளங்கி, மெஷினத் தொடக்கி வைக்கிற ஓப்பன்பூட்ட ஓகே எண்ட இடத்துக்கு இறங்கி அமைதியா காத்துக்கொண்டு நிக்குது. "கோ" எண்டு அடிச்சா விட்ட இடத்துல இரிந்து போகும். லொக் நிலையில வச்சா இந்த பிரேக் வேல செய்யாது, அதுக்குத்தான் அந்தச் சாவியே. அடுத்த நாள் டவுனுக்குப் போய் சாவி வெட்டுற ஐயாவ வீட்டுக்கே கூட்டி வந்தன், அவர் சுத்திச் சுத்திப் பார்த்திட்டு "தம்பி, இது என்ன அலுமாரி?" எண்டார். வெட்டித் தந்த சாவி இண்டைக்கும் வேல செய்யிது.

2017ல என்விராம் எண்ட சிப்புட பற்றரி முடிஞ்சிட்டு. இதுதான் இந்த டிசைன்ல எனக்குப் பிடிக்காத முதல் இடம். கழட்டிப் பூட்டுற மாதிரி எல்லாத்தையும் செஞ்ச ஆக்கள், மெஷின்ட அடையாளம், நெட்வேர்க் விலாசம், நேரம் எல்லாத்தையும் ஒரு சின்ன சிப்ல வச்சி, பற்றரிய அதுட தலைக்குள்ள பிளாஸ்டிக் ஊத்தி மூடி வச்சிரிக்காங்க. பற்றரி செத்தா ஈதர்நெட் விலாசம் முழுக்க எஃப்எஃப் எஃப்எஃப் எண்டு வரும், நெட்வேர்க் இல்ல. நல்ல காலம் சிப் சொக்கெட்லதான் இரிக்கு. கழட்டி, தலைய அரத்தால ராவி, உள்ளுக்கு இரிக்கிற ரெண்டு காலக் கண்டுபிடிச்சி, பழைய பற்றரிய வெட்டிவிட்டு சிஆர்2032 ஹோல்டர் ஒண்டு சொல்டர் பண்ணின. மறுகா ஓகே இடத்துல இரிந்து விலாசத்த கையால எழுதணும், சன்னுக்குரிய 8, 0, 20 எண்டு தொடங்கும், மிச்ச மூணும் நீங்க முதலே எழுதி வச்சிரிக்கணும். நான் எழுதி வைக்கல்ல. சேஸிஸ்ல ஒட்டின ஸ்டிக்கர் காப்பாத்தின.

ரெண்டாவது இடம் அந்த வெளிக் கேஷ். ரேமுக்கு ஈசிசி, ஒரு பிட் மாறினா தானே திருத்திட்டு பதிவு ஃபைல்ல ஒரு வரி எழுதி வைக்கும், எந்தக் குச்சி எண்டும் சொல்லும். கேஷுக்கு பேரிட்டி மட்டும். அதாவது பிழை எண்டு தெரியும், திருத்தத் தெரியாது. கேஷ்ல இரிக்கிறது மெமரியில உள்ளதுட கொப்பி எண்டா திரும்ப எடுக்கலாம், ஆனா ப்ராசஸர் புதுசா எழுதி இன்னும் மெமரிக்கு அனுப்பாத வரி எண்டா அந்தத் தரவு வேற எங்கயும் இல்ல, சிஸ்டம் விழுறது தவிர வேற வழியில்ல. அந்தக் காலத்துல இது பெரிய பிரச்சினையாகி, மறுகா அல்ட்ராஸ்பார்க் 3ல கேஷுக்கும் ஈசிசி போட்டாங்க. என்ட மெஷின்ல 2019ல சிபியு 2 அப்பிடி ரெண்டு தரம் விழுந்த. அந்த மொடியூல் எவ்வளவு காலம் ஓடினதோ, அதோட அஞ்சு வருசம் கல்லடி உப்புக் காத்தும் குடிச்சது, குத்தம் சொல்ல ஆக்களில்ல. ஐசொப்ரொபைல் அல்கஹோலால கொன்டக்ட் துடைச்சிப் போட்டும் மூணாந்தரம் விழுந்ததால கழட்டி வச்சிட்டன், இப்ப மூணு சிபியு.

டிஸ்க் பக்கம் ஒரு கவலையும் இல்ல. ஓடக்குள்ளயே உருவி மாத்தலாம், இந்தப் பத்துப் பன்னிரெண்டு வருசத்துல மூணு மாத்தின, ZFS தானே நிரப்பிக்கொண்டது. இருவதும் 36 ஜிபி போட்டாலும் 720 ஜிபிதான், அத நினைச்சாத்தான் சிரிப்பு வரும்.

இஞ்ச கடல் கரையில வச்சிரிக்கிற ஆக்களுக்கு ஒரு விசயம்: மாரி காலத்துல மாசக் கணக்கில ஓஃப்ல விடாதீங்க, கிழமைக்கு ஒருக்கா ஒரு மணித்தியாலமாவது ஓட விடுங்க, சூட்டுல ஈரம் போகும். பவர் சப்ளை வாய்க்கு நுளம்பு வல வெட்டி ஒட்டுங்க. பல்லி உள்ளுக்குப் போய்ச் செத்த மணத்தோட மூணாவது சப்ளையக் கழட்டின அனுபவம் எனக்கு இரிக்கு, அது செத்தும் மிச்சம் ரெண்டும் தாங்கினதால எனக்குத் தெரிஞ்சதே மணத்தாலதான்.

மட்டக்களப்பு, அம்பாற பக்கம் ஆரிட்டயாவது 400 மெகாஹெர்ட்ஸ் மொடியூல் ஒண்டு சும்மா கெடந்தா சொல்லுங்க, வந்து எடுக்கிறன். எல்லாம் ஒரே மாதிரி இரிக்கணுமே, அதால 4 எம்பி கேஷ் உள்ளது மட்டும், 300 மெகாஹெர்ட்ஸ் ஏலா.