சென்னை – டொராண்டோ டிக்கெட் எடுக்கிறவங்க இதைப் படிச்சிடுங்க

ஜூலையில அம்மாவை இங்கே டொராண்டோ ஸ்கார்பரோவுக்கு வரவழைச்சேன். ஊர்ல தம்பிதான் டிக்கெட் போட்டான். ஏஜென்ட் அவன்கிட்ட சொன்னது இது: "காலைல 4 மணிக்குச் சென்னையில ஏறினா, அன்னிக்கே ராத்திரி 10 மணிக்கு டொராண்டோ. பதினெட்டே மணி நேரம் சார்." நம்பிக்கைக்கு, போன்ல தூரம் காட்டுற ஒரு பக்கத்தையும் திறந்து காட்டியிருக்கார். சுமார் 13,400 கிலோமீட்டர், 15 மணி நேரம்னு அதுல இருந்துச்சாம்.

அந்த 15 மணி நேரம் வெறும் கணக்கு. தூரத்தை 900 கிலோமீட்டர் வேகத்தால வகுத்தா அதுதான் வரும். ரஷ்யாவைத் தாண்டி, ஆர்க்டிக் வட்டத்துக்கு மேல ஏறி இறங்குற கோடு அது. சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு நேரடி விமானமே கிடையாது.

பதினெட்டு இன்னும் பெரிய ஏமாத்து வேலை. டிக்கெட்ல புறப்படுற நேரம் சென்னை நேரம், இறங்குற நேரம் டொராண்டோ நேரம். கோடையில ரெண்டுக்கும் ஒன்பதரை மணி நேரம் வித்தியாசம் (குளிர்காலத்துல பத்தரை). அப்போ மொத்தப் பயணம் இருபத்தேழரை மணி நேரம். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கு. தம்பி பதினெட்டு மணி நேரத்துக்குக் கணக்குப் பண்ணித்தான் மாத்திரையைக் கைப்பையில வெச்சான். மீதி எல்லாம் பெரிய பெட்டியில.

இதோடயும் முடியல. அது ஒரே டிக்கெட் இல்லை. சென்னை–டெல்லி ஒரு பி.என்.ஆர். (அதாவது புக்கிங் நம்பர்), டெல்லியிலிருந்து ஐரோப்பா வழியா டொராண்டோ இன்னொரு பி.என்.ஆர். ரெண்டும் வேற வேற கம்பெனி. அதனால டெல்லியில பெட்டியை எடுத்துக்கிட்டு, டெர்மினல் 1-லேர்ந்து ரோடு வழியா டெர்மினல் 3-க்குப் போய் மறுபடி செக்-இன் பண்ணணும். வீல்சேரும் முதல் டிக்கெட்டுக்கு மட்டும்தான் ஏஜென்ட் போட்டிருந்தார். இந்தி தெரியாத அறுபத்தெட்டு வயசு அம்மாவுக்கு!

அஞ்சு மணி நேர இடைவெளி இருந்துச்சு. சென்னை விமானம் மூணு மணி நேரம் லேட். அம்மா டெர்மினல் 3 போய்ச் சேரும்போது பதினொண்ணேகால், 12 மணி விமானத்துக்குக் கவுன்டர் மூடியாச்சு. ஒரே பி.என்.ஆரா இருந்தா அடுத்த விமானத்துல ஏத்திவிடுறது விமானக் கம்பெனி பொறுப்பு. தனித்தனின்னா, நாம வராத பயணி, அவ்வளவுதான். இன்னொரு 68,000 ரூபாய் கட்டி மறுநாள் விமானம். ராத்திரி முழுக்க அம்மா நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாங்க. போன் பண்ணினா, "நான் நல்லாத்தான் இருக்கேன், நீ சாப்பிட்டியா?"ன்னு கேக்குறாங்க.

வீட்டை விட்டுக் கிளம்பினதைச் சேர்க்காமலே ஐம்பத்தொன்றரை மணி நேரம்.

ஏஜென்ட்கிட்ட கேட்டா, "பிளைட் லேட்டானா நான் என்ன சார் பண்றது?" பணம் கட்டுறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை அந்த டிக்கெட்டை வாங்கிப் பார்த்திருந்தா, ரெண்டு பி.என்.ஆர். இருக்கிறது கண்ணுல பட்டிருக்கும். பார்க்கலை, அது என் தப்பு. நீங்க பாருங்க. மொத்தப் பயண நேரம் எவ்வளவுன்னு எழுதியே வாங்குங்க.

அம்மாவோட ரிட்டர்ன் டிக்கெட்டும் அவர் போட்டதுதான். நேத்துதான் எடுத்துப் பார்த்தேன். அதுலயும் ரெண்டு பி.என்.ஆர்., டெல்லியில இடைவெளி ரெண்டே மணி நேரம். மாத்திக் கொடுங்கன்னு மெசேஜ் போட்டேன். ரெண்டு நீல டிக் விழுந்திருக்கு, பதில் வரலை.