மிரர்லெஸ்ஸா, பாக்கெட் கேமராவா: நாள்பட்ட பயன்பாட்டில் தெரியவருபவை

மிரர்லெஸ் (லென்ஸை மாற்றிக்கொள்ளும் வகை) பக்கம் சோனி ஏ6400. பாக்கெட் பக்கம் இரண்டு: ஜூம் வேண்டுபவர்களுக்கு சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7, ஜூமே வேண்டாம் என்பவர்களுக்கு ரிக்கோ ஜிஆர் 3. மூன்றும் 2019-இல் கடைக்கு வந்தவை. பேட்டரி சோர்ந்து, பெயின்ட் தேய்ந்து, எது தாக்குப்பிடிக்கிறது எது படுத்துகிறது என்று சொல்லும் அளவுக்கு வயதாகிவிட்டது. ஏ6700, ஜிஆர் 4 என்று அடுத்தடுத்து வந்தாலும் சென்சார் அளவும் லென்ஸ் அமைப்பும் பெரிதாக மாறவில்லை. எனவே கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி புதியவற்றுக்கும் செல்லும்.

முதலில் எடை. பேட்டரி, கார்டு சேர்த்து ஜிஆர் 3 257 கிராம், ஆர்எக்ஸ்100 302 கிராம், ஏ6400 வெறும் உடல் மட்டும் 403 கிராம். அதோடு வரும் 16-50 கிட் லென்ஸ் 116 கிராம். இருட்டுக்கென்று 35 மி.மீ. எஃப்/1.8 (எஃப் எண் சிறுக்கச் சிறுக்க லென்ஸின் துளை பெரிது, வெளிச்சம் அதிகம்) லென்ஸ் சேர்த்தால் இன்னொரு 154. தூரத்துக்கு 55-210 சேர்த்தால் 345. பையைத் தூக்கும்போது கிலோவைத் தாண்டியிருக்கும். ஜிஆர் பேன்ட் பாக்கெட்டில் இருப்பதே தெரியாது. ஆர்எக்ஸ்100 தடிமன் 43 மி.மீ. என்பதால் இறுக்கமான ஜீன்ஸில் புடைத்துக்கொண்டு நிற்கும்; சட்டைப்பைக்குக் கனம் அதிகம். ஏ6400-ஐ எந்த லென்ஸோடும் பாக்கெட்டில் போட முடியாது.

"எடை கூடினால் படமும் கூடும்" என்று நினைத்து மிரர்லெஸ் வாங்குபவர்களில் பலர் கிட் லென்ஸைக் கழற்றுவதே இல்லை. தவறு அங்கேதான் நடக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏ6400-இன் சென்சார் 23.5 × 15.6 மி.மீ.; ஆர்எக்ஸ்100-இன் ஒரு அங்குல சென்சார் 13.2 × 8.8 மி.மீ. பரப்பளவில் மூன்று மடங்குக்குச் சற்று மேல். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் சென்சார் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், லென்ஸின் துளை விடும் வெளிச்சம்தான் உள்ளே வரும். ஒப்பிட வசதியாக, அபெர்ச்சர் எண்ணை, அதாவது எஃப் எண்ணை, சென்சாரின் க்ராப் மடங்கால் (35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தைவிட சென்சார் எத்தனை மடங்கு சிறியது என்பது) பெருக்க வேண்டும்: ஏ6400-க்கு 1.5, ஒரு அங்குலத்துக்கு 2.7.

கிட் லென்ஸ் ஜூமின் கடைசியில் எஃப்/5.6. பெருக்கினால் 8.4. பழைய மாடலான ஆர்எக்ஸ்100 மார்க் 5ஏ-வின் 24-70 (ஃபிலிம் கணக்கில்) லென்ஸ் ஏறக்குறைய அதே கோணத்தில் எஃப்/2.8, பெருக்கினால் 7.6. அதாவது பாக்கெட் கேமரா ஒரு நூலிழை முன்னே! விரிந்த பக்கத்திலும் 5.3-க்கு 4.9 என்று அதே கதை. பின்னணி மங்கலும் இரைச்சலும் (படத்தில் விழும் புள்ளிகள்) இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இதே கணக்கு மார்க் 7-க்கு எதிராகவும் திரும்பும். மார்க் 6-இலிருந்து லென்ஸை 24-200 என நீட்டினார்கள். அதற்கு விலையாக எஃப்/1.8-2.8 போய் எஃப்/2.8-4.5 ஆனது. உள்ளே இருந்த, வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டரும் போயிற்று. நீள ஜூமின் கடைசியில் 4.5 × 2.7 என்றால் 12.2. பகலில் கோபுரத்துச் சுதைச் சிற்பங்களை எடுக்க இது அருமை. மாலை மண்டபத்தில் திணறும். புது மாடல் என்பதற்காக மட்டும் மார்க் 7 வாங்கி, வீட்டுக்குள் குழந்தையைப் படமெடுப்பவர் பழைய 5ஏ-வைவிட மோசமான படத்தைத்தான் பெறுவார்.

கல்யாண மண்டபத்தில் சராசரி விளக்கு வெளிச்சம், ஷட்டர் 1/125 நொடி என்று வைத்துக்கொள்வோம். எஃப்/2.8-க்கு ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்; கூட்டினால் இரைச்சலும் கூடும்) 1600 தேவைப்படும் இடத்தில், மார்க் 7 ஜூமின் கடைசியில் 4000 கேட்கும்; ஏ6400 கிட் லென்ஸின் கடைசியில் 6400 கேட்கும்; அதே ஏ6400-இல் 35 எஃப்/1.8 மாட்டினால் 640 போதும். மூன்று ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). பட்டுப்புடவையின் சரிகை சரிகையாகத் தெரிவதா, மஞ்சள் குழம்பாகத் தெரிவதா என்பது இந்த மூன்று ஸ்டாப்பில்தான் இருக்கிறது. உடலுக்குக் கொடுக்கிற பணத்தில் கொஞ்சத்தைக் குறைத்து இந்த ஒரு லென்ஸுக்கு ஒதுக்க முடியாது என்றால், மிரர்லெஸ்ஸை மறந்துவிடலாம்.

மண்டபம் என்றதும் இன்னொன்று. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை சிமிட்டும். எந்தக் கேமராவிலும் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டால் படத்தில் குறுக்கே கருப்புப் பட்டைகள் விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றி, 1/50 அல்லது 1/100 வைத்தால் சரியாகும். ஏ6400-இன் உடலில் அதிர்வுத் தடுப்பு கிடையாது. லென்ஸில் ஓஎஸ்எஸ் என்று போட்டிருந்தால்தான் 1/50-இல் கை நடுக்கம் தப்பும். சிக்மா 30 எஃப்/1.4 நல்ல லென்ஸ்தான், ஆனால் அதில் தடுப்பு இல்லை. ஜிஆர் 3 சென்சாரையே அசைத்து ஈடுகட்டும்.

உச்சி வெயிலில் ஆட்டம் தலைகீழ். தலைக்கு மேல் சூரியன், கண்ணுக்குக் கீழே கருநிழல். கொஞ்சம் பிளாஷ் அடித்து நிரப்ப வேண்டும். ஏ6400-இல் பிளாஷ் 1/160-க்கு மேல் ஒத்துவராது. அந்த வேகத்தில் வெயிலைச் சமாளிக்க எஃப்/13 வரை துளையைச் சுருக்க வேண்டும். உள்ளே இருக்கும் கைடு எண் (பிளாஷின் வலிமை) 6 பிளாஷ் அரை மீட்டரைக்கூட எட்டாது. ஆர்எக்ஸ்100-இல் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கும் இலை ஷட்டர். ஐஎஸ்ஓ 125, எஃப்/4, 1/2000 என்று வைத்துக்கொண்டே பிளாஷ் அடிக்கலாம். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர் முகத்துக்கு அந்தக் குட்டி விளக்கே போதும். இதைக் கடைக்காரர் யாரும் சொல்லித் தருவதில்லை. ஜிஆர் 3-இலும் இலை ஷட்டர்தான். ஆனால் உள் பிளாஷை எடுத்துவிட்டார்கள், மேலே மாட்ட வேண்டும்.

ஃபோகஸில் ஏ6400-க்கு இணை மற்ற இரண்டில் ஆர்எக்ஸ்100 மட்டும்தான். கண்ணைப் பிடித்தால் விடாது. ஜிஆர் 3 மங்கல் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். அதைக் குறை என்று புலம்புவதைவிட, அந்தக் கேமராவை வடிவமைத்தவர்கள் வைத்த வழியில் போவது நல்லது: ஸ்னாப் ஃபோகஸ். தூரத்தை 2 மீட்டரிலும் அபெர்ச்சரை எஃப்/5.6-இலும் வைத்தால் 1.2 மீட்டர் முதல் 6 மீட்டர் வரை எல்லாம் கூர்மை. எஃப்/8 என்றால் 1 மீட்டரிலிருந்து கண்ணெட்டும் தூரம் வரை. 'ஃபுல் பிரஸ் ஸ்னாப்' வசதியை இயக்கிவிட்டு, பொத்தானை அரைகுறையாக இல்லாமல் ஒரே அழுத்தாக அழுத்தினால் ஃபோகஸ் தேடாமல் உடனே படம் விழும். சந்தையிலும் தேரோட்டத்திலும் இதற்கு ஈடாக எந்த ஆட்டோஃபோகஸும் இல்லை. வெயிலில் திரை தெரியாது என்பதுதான் மீதித் தொல்லை. வியூஃபைண்டர் கிடையாது, மெனுவில் உள்ள வெளிப்புறக் காட்சி அமைப்பை ஃபங்ஷன் பொத்தான் ஒன்றில் வைத்துக்கொண்டு பிரகாசத்தைக் கூட்ட வேண்டும்.

ஆர்எக்ஸ்100-இல் குதித்தெழும் வியூஃபைண்டர் இருக்கிறது. அதை உள்ளே தள்ளினால் கேமராவே அணைந்துபோகும்படி கம்பெனியிலிருந்து வருகிறது. வாங்கிய அன்றே மெனுவில் அதை மாற்றிவிடவும். இல்லாவிட்டால் லென்ஸ் தேவையில்லாமல் நாளுக்குப் பத்து முறை உள்ளே வெளியே போய்வரும். அந்தப் போக்குவரத்துதான் பாக்கெட் கேமராவின் ஆயுளைத் தின்பது.

தூசி, பூஞ்சை, கியர்

ஆண்டுகள் போகப் போக இரு வகையும் பிரிவது இங்கேதான். சுருங்கி விரியும் லென்ஸ் ஒவ்வொரு முறையும் துருத்தி மாதிரி காற்றை இழுக்கும். காற்றோடு பாக்கெட்டின் பஞ்சும் வரும். அது சென்சார் மேல் உட்கார்ந்தால் வானத்தில் சாம்பல் புள்ளியாகத் தெரியும். மிரர்லெஸ்ஸில் லென்ஸ் மாற்றும்போது இதைவிட அதிகத் தூசி விழும். ஆனால் அதை நாமே எடுத்துவிடலாம்.

எடுக்கும் முறை: பேட்டரி நிறைய இருக்கும்போது மெனுவில் சென்சார் சுத்தம் என்பதைத் தேர்ந்து, அது அதிர்ந்து முடிந்ததும் கேமராவை அணைத்து, லென்ஸைக் கழற்றி, கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து ரப்பர் ப்ளோயரால் ஐந்தாறு முறை ஊத வேண்டும். வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறிக்கும். கேன் ஸ்ப்ரேயும் கூடாது. அதிலுள்ள திரவம் கண்ணாடியில் கறையாகப் படிந்துவிடும். போகாத புள்ளிக்கு 16 மி.மீ. ஸ்வாப், இரண்டு சொட்டுத் திரவம், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒரே இழுப்பு. அதே ஸ்வாபைத் திரும்ப ஓட்டினால் எடுத்த மண்ணாலேயே கீறல் விழும்.

ஜிஆர் 3-இல் அதிர்வு மூலம் தூசி உதிர்க்கும் வசதி உண்டு. லேசான தூசிக்குப் போதும், ஒட்டிக்கொண்ட பஞ்சுக்குப் போதாது. அப்போது கேமராவைப் பிரிக்கத்தான் வேண்டும். வாக்யூம் கிளீனரை லென்ஸ் மேல் வைத்து உறிஞ்சும் வித்தை இணையத்தில் உலவுகிறது. சில சமயம் புள்ளி நகர்வதும் உண்மை. வேறு புள்ளி வந்து உட்காருவதும் உண்மை.

லென்ஸ் கோளாறு இன்னும் மோசம். பாக்கெட்டில் இருக்கும்போது பவர் பொத்தான் அழுந்தி, லென்ஸ் துணியை முட்டிக்கொண்டு வெளிவர முயலும். உள்ளே இருப்பவை பிளாஸ்டிக் பற்சக்கரங்கள். இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால் 'அணைத்துப் போடவும்' என்ற செய்தியோடு லென்ஸ் பாதியில் நின்றுவிடும். கடற்கரையின் ஒரு மணல் துகளும் அதையே செய்யும். கையால் திருகி இழுத்தால் பழுது இரட்டிப்பாகும். தடுக்க வழி எளிது: மெல்லிய துணி உறை ஒன்று, சாவி, சில்லறை, கைக்குட்டை இல்லாத தனிப் பாக்கெட், காற்றடிக்கும் மணலில் கேமராவை இயக்காமல் இருப்பது. ஏ6400-இன் கிட் லென்ஸும் இப்படி மோட்டாரில் நீள்வதுதான், அதுவும் சிக்கும். ஆனால் சிக்கினால் லென்ஸ் மட்டும்தான் போகும். உடல் வேறு லென்ஸோடு நாளைக்கே வேலை செய்யும். பாக்கெட் கேமராவில் லென்ஸ் போனால் எல்லாம் போன மாதிரிதான், பழுதுச் செலவு அந்த அளவுக்கு வரும்.

பூஞ்சைக்கு இரண்டும் சமம். ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நின்றால் கண்ணாடிக்குள் சிலந்தி வலைபோல் படரும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி கார்த்திகையில் அலமாரிக்குள் அதுதான் நிலை. தோல் உறையிலும் ஸ்பாஞ்ச் பையிலும் வைத்துப் பூட்டுவது பூஞ்சைக்குப் பந்தி விரிப்பது. ட்ரை கேபினெட் (ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் மின்பெட்டி) வாங்க முடியாவிட்டால், ரப்பர் விளிம்புள்ள 10 லிட்டர் டப்பா, 100 கிராம் சிலிகா ஜெல், ஒரு குட்டி ஈரமானி. முள் 40-க்கும் 50-க்கும் இடையில் நிற்க வேண்டும். 30-க்குக் கீழே போனால் ரப்பரும் கிரீஸும் வறளும். ஜெல்லின் நிறம் மாறியதும் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து ஆறவிட்டுத் திரும்பப் போடலாம். சமையலுக்கு அந்த வாணலியைத் தொடக் கூடாது.

பேட்டரியைப் பொறுத்தவரை சொல்ல அதிகமில்லை. கம்பெனிக் கணக்கில் ஏ6400 சுமார் 410 படம், ஆர்எக்ஸ்100 260, ஜிஆர் 200. மூன்று ஆண்டில் இதில் கால்பங்கு குறைந்திருக்கும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடவும். ஜிஆர் மட்டும் டைப்-சி. மற்ற இரண்டுக்கும் பழைய மைக்ரோ யுஎஸ்பி கேபிளைத் தேட வேண்டும். மலிவு பேட்டரி உப்பி உள்ளே மாட்டிக்கொண்டால் அதை வெளியே எடுப்பது தனிக் கலை.

வீடியோ முக்கியம் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஏ6400. ஆர்எக்ஸ்100 4கே-யில் சூடாகிவிடும். அணையும் வெப்பநிலை என்ற அமைப்பை 'உயர்' என்று வைத்தால் கூடுதல் நேரம் ஓடும், ஆனால் உள்ளங்கை சுடும். ஏ6400-இன் திரை மேல்நோக்கித் திரும்புவதால் மைக்கை மேலே மாட்டினால் திரையை மறைக்கும். பக்கவாட்டில் பிடிக்கும் பிராக்கெட் ஒன்று வேண்டும். ஜிஆரில் வீடியோ இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பழைய சந்தையில் வாங்குவதானால், மிரர்லெஸ்ஸில் லென்ஸ் மவுன்ட்டின் உலோகத் தேய்மானத்தையும், சென்சாரில் கீறலையும் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. பாக்கெட் கேமராவுக்குச் சோதனை கொஞ்சம் நீளம். அபெர்ச்சரைக் கடைசி வரை சுருக்கி (ஆர்எக்ஸ்100-இல் எஃப்/11, ஜிஆரில் எஃப்/16), ஃபோகஸைக் கலைத்து வெள்ளைச் சுவரை எடுத்து, பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்க்கவும். ஜூம் உள்ளதில் அதையே இரு முனைகளிலும் செய்யவும். செல்போன் டார்ச்சை லென்ஸுக்குச் சாய்வாகப் பிடித்துப் பூஞ்சை இழை தெரிகிறதா என்று பார்க்கவும். ஜிஆர் என்றால் லென்ஸைச் சுற்றியுள்ள வளையம் இருக்கிறதா என்றும் பார்க்கவும், கழன்று தொலைவது வழக்கம். பிறகு பத்து முறை இயக்கி அணைக்கவும், காதை அருகில் வைத்து. ஒன்பது முறை சத்தமில்லாமல் வந்த லென்ஸ் பத்தாவது முறை 'கிரீச்' என்றால், விற்பவர் ஆயிரம் குறைத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடவும்.