தப்பான பட்டனை அழுத்தும் கருவியும் அழுத்த மறுக்கும் கருவியும்: ஆப்ஜெக்ட் அடையாள அமைப்புகள், ஓர் ஒப்பீடு

மென்பொருளின் திரையை மனிதருக்குப் பதிலாகத் தானே இயக்கிச் சரிபார்க்கும் தானியங்கிச் சோதனைக் கருவியைத் தேர்ந்தெடுக்கும் கூட்டங்களில் தவறாமல் எழும் கேள்வி, "எங்கள் திரையில் உள்ள எல்லாவற்றையும் இது அடையாளம் காணுமா?" என்பது. விற்க வந்தவர் "காணும்" என்பார், செய்தும் காட்டுவார். நான் கேட்கச் சொல்வது வேறு: தேடிய பட்டன் அங்கே இல்லாதபோது கருவி என்ன செய்யும்? கருவிக்குக் கருவி உள்ள உண்மையான வேறுபாடு அதில்தான் தெரியவரும்.

யுஎஃப்டி, செலினியம், பிளேரைட், சிகுலிஎக்ஸ் ஆகிய நான்கு கருவிகளையும் ஒரே சோதனைக்கு உட்படுத்திப் பார்ப்போம். ஒரு விண்ணப்பத் திரை. கீழே இரண்டு பட்டன்கள்: "சேமி", "சேமித்து அனுப்பு". சோதனை அழுத்த வேண்டியது முதலாவதை. அடுத்த வெளியீட்டில் அதன் பெயரை "வரைவாகச் சேமி" என்று மாற்றிவிடுகிறார்கள். முன்பு "சேமி"க்கு இருந்த முதன்மைப் பட்டன் நிறத்தையும் அதற்கான கிளாஸையும் (தோற்றத்தை அமைக்க நிரலில் இடும் பெயர்) "சேமித்து அனுப்பு"க்குக் கொடுத்துவிடுகிறார்கள். வாராவாரம் நடக்கிற மாற்றம்தான் இது.

முதலில் யுஎஃப்டி (யூனிஃபைட் ஃபங்ஷனல் டெஸ்டிங்). மெர்க்குரியின் குவிக்டெஸ்ட் புரொஃபஷனலாகப் பிறந்து, 2006இல் எச்பிக்கும், பின்னர் மைக்ரோ ஃபோகஸுக்கும், இப்போது ஓப்பன்டெக்ஸ்டுக்கும் கைமாறிய மூத்த கருவி. அடையாள அமைப்பில் இதைப் போல விலாவாரியான ஏற்பாடு உள்ளவை குறைவு. ஒவ்வொரு ஆப்ஜெக்ட் (பட்டன், பெட்டி போன்ற திரை உறுப்பு) வகைக்கும் கட்டாயப் பண்புகள், துணைப் பண்புகள், வரிசை அடையாளம் என மூன்று அடுக்குகளை நாமே வரையறுக்கலாம். பதிவு செய்யும்போது கட்டாயப் பண்புகள் அனைத்தும் சேமிக்கப்படும். அவை போதாவிட்டால் துணைப் பண்புகள் ஒவ்வொன்றாகச் சேரும். அப்போதும் ஒன்றுக்கு மேற்பட்டவை பொருந்தினால் "இத்தனையாவது" என்ற வரிசை எண் வந்து உட்காரும்.

இதுவரை குறை சொல்ல எதுவுமில்லை. சிக்கல், ஸ்மார்ட் ஐடென்டிஃபிகேஷன் என்ற வசதியில் இருக்கிறது. பதிந்த விவரத்தின்படி ஆப்ஜெக்ட் கிடைக்காதபோது கருவி அந்த விவரத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, அடிப்படை வடிகட்டிப் பண்புகளைக் கொண்டு புதிதாக ஒரு பட்டியல் தயாரிக்கிறது. பிறகு விருப்ப வடிகட்டிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறது. ஒரு வடிகட்டி எல்லோரையும் வெளியேற்றிவிட்டால் அந்த வடிகட்டியையே புறக்கணித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறது.

நம் திரையில் இது எப்படி நடக்கும் என்று பாருங்கள். அடிப்படை வடிகட்டிகள் டேக்கும் டைப்பும், அதாவது உறுப்பு எந்த வகை, எந்த உள்வகை என்பவை. விருப்ப வடிகட்டிகள் பெயர், ஐடி, கிளாஸ் என்ற வரிசையில் இருப்பதாகக் கொள்வோம். "சேமி" என்ற பெயரில் எதுவும் இல்லை. டேக், டைப் இரண்டிலும் இரு பட்டன்களும் பொருந்துகின்றன. பெயரைப் போட்டால் இருவரும் வெளியே, எனவே பெயர் புறக்கணிக்கப்படுகிறது. ஐடி ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாவது, அதுவும் புறக்கணிப்பு. கிளாஸைப் போட்டதும் ஒன்று மிஞ்சுகிறது: "சேமித்து அனுப்பு". கருவி அதை அழுத்திவிடுகிறது. அடுத்த வரியில் "சேமிக்கப்பட்டது" என்ற செய்தி வருகிறதா என்பதை மட்டும் சோதனை பார்த்தால், தேர்ச்சி! அறிக்கையில் ஓர் எச்சரிக்கை இருக்கும். நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே அதை யார் படிப்பார்கள்?

அதனால் என் பரிந்துரையில் தயக்கமே இல்லை: பதிப்பு வெளியாகும் முன் நடத்தும் ஓட்டங்களில் இந்த வசதியை அணைத்துவிடுங்கள். சோதனையின் ஓட்ட அமைப்புகளிலேயே அதற்கு இடம் இருக்கிறது. ஆப்ஜெக்ட் வாரியாகவும் அணைக்கலாம். சோதனையைப் பராமரிக்கும்போது மட்டும் இயக்கி, எவை இடம் மாறியிருக்கின்றன என்று கண்டறியப் பயன்படுத்தினால் அது நல்ல உதவியாளன்.

செலினியத்தில் இந்த அடுக்குகள் எவையும் கிடையாது. 2004இல் தொடங்கியது, உலாவியை இயக்கும் அதன் வெப்டிரைவர் நெறிமுறை 2018இல் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையாகவே ஆகிவிட்டது. ஐடி, நேம், சிஎஸ்எஸ் செலக்டர், எக்ஸ்பாத் (கடைசி இரண்டும் பக்க அமைப்பில் உறுப்பைச் சுட்டும் முகவரி முறைகள்) என்று எதைக் கொடுக்கிறோமோ அதைத் தேடும். கிடைக்காவிட்டால் பிழை என்று நின்றுவிடும். இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும். பிடிக்காதது, ஒன்றுக்கு மேல் கிடைத்தால் அது காட்டும் மௌனம். ஒற்றை உறுப்பைத் தேடும் கட்டளை, பக்க அமைப்பில் முதலில் வருவதை எடுத்துக் கொடுத்துவிடும். இன்னொன்று இருப்பதைச் சொல்லாது. "சேமி" என்ற சொல்லைக் கொண்ட பட்டன் என்று எக்ஸ்பாத் எழுதியிருந்தால் நம் திரையில் இரண்டுமே பொருந்தும். சரியானது முன்னால் இருந்தால் பிழைத்தோம். வடிவமைப்பாளர் வரிசையை மாற்றினால் விண்ணப்பம் அனுப்பப்பட்டுவிடும். பன்மையில் தேடி, எண்ணிக்கை ஒன்றுதானா என்று சரிபார்க்கும் சிறு செயற்கூறு ஒன்றை எழுதி, எல்லாத் தேடலையும் அதன் வழியாகவே நடத்துவது செலினியம் குழுக்களுக்கு அவசியம்.

2021இல் வந்த செலினியம் 4, "இதற்கு மேலே", "இதற்கு அருகே" என்று சொல்லித் தேடும் சார்பு லொகேட்டர்களை (லொகேட்டர் என்பது உறுப்பைத் தேடக் கொடுக்கும் விவரம்) கொண்டுவந்தது. "அருகே" என்பதன் இயல்பு எல்லை 50 பிக்சல். சாளரத்தின் அகலம் மாறினால் அண்டை வீட்டாரும் மாறிவிடுவார்கள். வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பிளேரைட் 2020இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. உறுப்பின் பணியையும் அதன் அணுகல் பெயரையும் (திரைவாசிப்பான் படிக்கும் பெயர்) கொண்டு தேடுவதே இதில் முதல் பரிந்துரை: "பட்டன், பெயர் சேமி". ஒன்றுக்கு மேல் பொருந்தும் நிலையில் அழுத்தச் சொன்னால் அழுத்தாது. பொருந்தியவற்றைப் பட்டியலிட்டுப் பிழை காட்டும். நான்கில் இந்த ஒரு குணத்துக்காகவே என் வாக்கு இதற்கு.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது, தமிழ்த் திரைகளில் அது இன்னும் கூர்மையானது. பெயர்ப் பொருத்தம் இயல்பாகவே பகுதிச் சொல்லையும் ஏற்கும். தமிழில் விகுதிகள் சொல்லின் பின்னால் ஒட்டிக்கொண்டே போவதால் "நீக்கு" என்று தேடினால் "நீக்குக" பொருந்தும். "பதிவு" என்றால் "பதிவுகள்" பொருந்தும். நம் திரையில் "சேமி" என்பது "சேமித்து அனுப்பு"க்குள்ளேயே இருக்கிறது, ஆகவே முதல் நாளே பிழை வரும். முழுப் பொருத்தம் வேண்டும் என்ற அமைப்பைச் சேர்த்தால் பிழை போய்விடும். பெயர் மாறிய பிறகு எதுவும் பொருந்தாது. சோதனைக்கான இயல்பு நேர வரம்பான 30 விநாடி முடிந்ததும் சோதனை தோற்கும். தோற்க வேண்டியதுதான், பயனர் காணும் பெயர் மாறியிருக்கிறதே.

பலர் செய்வது என்னவென்றால், இரட்டைப் பொருத்தப் பிழை வந்ததும் "முதலாவது" என்ற ஒட்டைச் சேர்த்துப் பிழையின் வாயை அடைத்துவிடுகிறார்கள். கருவியின் ஆகச் சிறந்த குணத்தை அவர்களே அணைத்துவிட்டார்கள் என்று பொருள். மதிப்பாய்வில் அந்த ஒட்டைக் கண்டால் காரணம் கேளுங்கள்.

திரை பல மொழிகளில் இயங்கினால் பெயரை நம்ப முடியாது. அங்கே சோதனைக்கென்றே நிரலில் இடும் டேட்டா-டெஸ்ட்ஐடி போன்ற தனிப் பண்பே ஏற்றது. எந்தப் பண்பைப் பார்ப்பது என்பதையும் அமைப்புக் கோப்பில் மாற்றிக்கொள்ளலாம். பெயர் மாறினாலும் சோதனை சரியான பட்டனையே அழுத்தும். பெயர் மாறியதே சோதிப்பவருக்குத் தெரியாது என்பது அதற்குரிய விலை. பண்பை இட நிரலாளரின் ஒத்துழைப்பும் வேண்டும். எழுத்துக் குறியீட்டிலும் கவனம் தேவை. "தொடர்" என்பதில் உள்ள "தொ"வின் ஒகரக் குறியை ஒரே யூனிகோட் குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியும் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. எக்ஸ்பாத் ஒப்பீட்டில் இரண்டும் வேறு வேறு எழுத்துத் தொடர்கள்.

சிகுலிஎக்ஸைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2009இல் எம்ஐடியில் முளைத்த சிகுலியின் தொடர்ச்சி. பட்டனின் படத்தைத் திரையில் தேடுகிறது. இயல்பு ஒற்றுமை அளவு 0.7. மங்கலாக்கப்பட்ட, அழுத்த முடியாத பட்டன்கூட இந்த அளவில் பொருந்திவிடக்கூடும். கூட்டினால் எழுத்துருவின் சிறு மாற்றத்துக்கே தோற்கும். ஆனாலும் தொலைத் திரை வழியாக வரும் மென்பொருளிலும் கேன்வாஸில் (இணையப் பக்கத்தில் படம் வரையும் பரப்பு) வரையப்பட்ட வரைபடங்களிலும் ஆப்ஜெக்ட் என்று எதுவுமே இல்லை, பிக்சல்தான் இருக்கிறது. அங்கே இதுதான் கதி. தேடும் பகுதியைத் திரையின் ஒரு மூலைக்குக் குறுக்கிவிட்டு, ஒற்றுமை அளவைப் படத்துக்குப் படம் தனியாக அமைத்தால் ஓரளவு பிழைக்கலாம்.

பிளேரைட்டை இவ்வளவு புகழ்ந்தாலும், அது உலாவிக்குள் அடங்கியது. விண்டோஸ் மென்பொருள், ஜாவா திரைகள் எல்லாம் கலந்த பழைய நிறுவனங்களில் யுஎஃப்டிக்கு இன்னும் வேலை இருக்கிறது. அங்கே முதலில் மாற்ற வேண்டியது கட்டாயப் பண்புகளின் பட்டியலை. நிரலாளர் நிலையாக வைத்திருக்கும் பண்பு எது என்று கேட்டு அதை மேலே ஏற்றுங்கள், தானாக உருவாகும் ஐடிக்களைக் கீழே இறக்குங்கள், வரிசை எண் ஏறிய ஆப்ஜெக்ட்களை வடிகட்டி எடுத்துக் கைப்பட விவரம் எழுதுங்கள்.

இப்போது பல கருவிகள் "தானே சரிசெய்துகொள்ளும்" லொகேட்டர் என்று விளம்பரம் செய்கின்றன. நம் விண்ணப்பத் திரையை அவற்றிடமும் கொடுத்துப் பார்க்கலாம். மாற்று உறுப்பை முன்மொழிந்து மனிதரின் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் அமைப்பு இருந்தால் வாங்கலாம். கேட்காமலேயே அழுத்திவிட்டு அறிக்கையில் பச்சை காட்டினால், ஸ்மார்ட் ஐடென்டிஃபிகேஷனுக்கே மறுபடி பணம் கட்டுகிறீர்கள்.