சாமான் லாரியில் ஏறிய பிறகு வாடகை பேச முடியாது

மே மாதம் ஓசூரில் வீட்டைக் காலி செய்து தருமபுரிக்குப் போன ஒரு குடும்பத்துக்கு நடந்தது இது. போனில் பேசியது 11,500 ரூபாய், அட்வான்ஸ் 2,000. வண்டி தருமபுரி போய் வாசலில் நின்றதும் ஆட்கள் தார்ப்பாயை அவிழ்க்கவே இல்லை. சாமான் கூடுதல், மாடிக்கூலி தனி, ஜிஎஸ்டி, இ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்கான ஜிஎஸ்டி ஆவணம்), இன்சூரன்ஸ் என்று அடுக்கி 23,000 கேட்டார்கள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது, பொழுதும் சாய்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் கொடுத்தார்கள். இறக்கிப் பார்த்தால் வாஷிங் மெஷின் டிரம் ஆடுகிறது, கட்டில் போல்ட்டுகளைக் காணோம்.

ஏமாற்றுகிறவர்களுக்கு மே மாதம் வாகாக அமைவதற்குக் காரணம் உண்டு. ஜூனில் பள்ளி திறப்பதற்குள்ளும், ஆடி பிறப்பதற்குள்ளும் வீடு மாறிவிட வேண்டும் என்று எல்லோரும் ஒரே சமயத்தில் வண்டி தேடுவார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் அதுவே மாங்காய் சீசன். குட்டி யானையும் டாடா 407 லாரியும் மண்டிக்கும் மாங்கூழ் ஆலைக்கும் ஓடிக்கொண்டிருக்கும். முகூர்த்த நாளென்றால் இன்னும் மோசம். இப்படிப்பட்ட நேரத்தில் ஊர் வாடகையில் பாதிக்கு ஒருவர் ஒப்புக்கொண்டால், மீதியை எங்கே வாங்கப் போகிறார் என்று யோசியுங்கள். போனில் பேசுபவர் பல சமயம் வெறும் புரோக்கர்தான். வண்டி ஒருவருடையது, ஆட்கள் வேறொருவருடையவர்கள், ரசீதில் மூன்றாவது பெயர்.

நேரில் வந்து சாமானைப் பார்க்காமல், குறைந்தது வீடியோ காலிலாவது ஒவ்வொரு அறையையும் பார்க்காமல் சொல்லும் விலை விலையே இல்லை. லாஃப்டில் இருக்கும் பாத்திர மூட்டை, மொட்டைமாடித் தொட்டிச் செடி, இன்வெர்ட்டர் பேட்டரி உட்பட எல்லாவற்றையும் எண்ணி எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமான் பொதுவாக 14 அடி ஐஷர் லாரிக்கு வரும். 407 போதும் என்று சொன்னால் இரண்டாவது நடைக்குப் பணம் கேட்கப் போகிறார்கள் என்று அர்த்தம். எத்தனை அடி வண்டி, எத்தனை ஆள், இரண்டு வீடும் எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, தெருமுனையிலேயே வண்டி நின்றுவிட்டால் தூக்குகூலி யாருடையது, கிருஷ்ணகிரி டோல் கட்டணம் உள்ளடக்கமா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வண்டியே நேராகக் கடைசி வரை வருமா என்றும் கேளுங்கள். வழியில் வேறு வண்டிக்கு மாற்றும்போதுதான் பெட்டி தொலைகிறது.

இ-வே பில் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். புழங்கிய வீட்டுச் சாமான்களுக்கு அது தேவையில்லை, ஜிஎஸ்டி விதி 138-லேயே விலக்கு இருக்கிறது. ஜிஎஸ்டி கேட்டால் அவர்களுடைய பதிவு எண்ணை வாங்கி ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டு எண் 33-லும் கர்நாடக எண் 29-லும் தொடங்கும். அங்கே வரும் பெயரும் பில்லில் இருக்கும் பெயரும் ஒத்துப்போக வேண்டும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் இல்லாமல் ரசீதில் எழுதும் 3 சதவீதத் தொகை இன்சூரன்ஸ் ஆகாது. சாமான் மதிப்பைக் குறிப்பிட்டு எழுதாவிட்டால், சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007-ன் விதிகளின்படி டிரான்ஸ்போர்ட்காரரின் பொறுப்பு வாடகையைப் போலப் 10 மடங்கோடு நின்றுவிடும். வாடகை 8,000 என்றால் 80,000, அவ்வளவுதான். ஆகவே மதிப்பை எழுதவைத்து, வண்டி எண்ணோடு எல்.ஆர். ரசீதை (சரக்கை ஏற்றுக்கொண்டதற்கான ரசீது) வாங்கிய பிறகே கயிறு கட்ட விடுங்கள்.

பொருள் கெடுவது பெரும்பாலும் ஏற்றும்போதுதான். ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷினுக்குப் பின்னால், டிரம் ஆடாமல் பிடிக்கும் டிரான்ஸிட் போல்ட் மாட்டாமல் ஏற்றினால், மேடு பள்ளத்தில் டிரம் ஆடி ஸ்பிரிங்கும் அதிர்வு தாங்கும் டேம்பரும் போய்விடும். ஃப்ரிட்ஜை முந்தின நாளே அணைத்துக் காலி செய்து, பின்பக்கத் தட்டில் தேங்கிய தண்ணீரையும் கொட்டிவிடுங்கள். நிமிர்ந்தபடிதான் ஏற்ற வேண்டும். படுக்கவைத்தால் கம்ப்ரஸர் ஆயில் குழாயில் ஏறும், இறக்கியதும் சுவிட்ச் போட்டால் கெடும். சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே போடுங்கள். ஸ்பிளிட் ஏசியைக் கழற்றுமுன் கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்து அடைக்கத் தெரிந்த ஆள் வேண்டும், இல்லாவிட்டால் புதிதாக கேஸ் நிரப்பும் செலவு உங்கள் தலையில் விழும். கட்டில் போல்ட்டுகளை ஜிப் கவரில் போட்டு அதே கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் டேப் சுற்றி ஒட்டிவிடுங்கள். மே மாதச் சாயங்கால இடிமழையைக் கணக்கில் வைத்துக் காலையிலேயே ஏற்றுங்கள். தார்ப்பாயில் ஓட்டை இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் வாசலில் மடக்கினால் வண்டி எண், ஆட்கள், பேச்சு எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டு 100-க்கு அழையுங்கள். கொடுத்தே தீர வேண்டிய நிலை வந்தாலும் ரொக்கமாகக் கொடுக்காமல் யுபிஐயில் மட்டும் அனுப்புங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கும் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. சேதத்துக்கு வழக்குப் போடுவதானால், அதற்கு முன் புக்கிங் நாளிலிருந்து 180 நாளுக்குள் டிரான்ஸ்போர்ட்காரருக்கு எழுத்தில் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். டெலிவரி ரசீதில் கையெழுத்துக் கேட்டு அவசரப்படுத்துவார்கள். பெட்டிகளை எண்ணிப் பார்த்து, நசுங்கியது எது, வராதது எது என்று அந்த ரசீதிலேயே எழுதி, அதைப் போட்டோ எடுத்த பிறகு போடுங்கள் கையெழுத்தை.