சேலம் வெயிலுக்கு எந்த ஓவர்க்ளாக்?

ப்ராசஸரைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் முடுக்குவதுதான் ஓவர்க்ளாக். அந்த வீடியோக்களில் காட்டும் வெப்பநிலை பெரும்பாலும் ஏசி அறையின் கணக்கு. சேலம் அம்மாபேட்டையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் மே மாதம் சாயங்காலம் 38 டிகிரி இருந்தால் யாரும் ஆச்சரியப்படப் போவதில்லை. கூலர் எவ்வளவு பெரியதானாலும் சிப்பை அறைக் காற்றைவிடக் குளிர வைக்காது. அதனால் ப்ராசஸரை எப்படி முடுக்குவது என்ற கேள்விக்குச் சேலத்தில் ஒரு பதில், ஏற்காட்டில் வேறு பதில்.

புதிதாக இறங்குபவருக்கு நான்கு வழிகள் உண்டு. ப்ராசஸருக்குள் இருக்கும் எல்லாக் கோர்களையும் ஒரே வேகத்தில் பூட்டும் பழைய மேனுவல் முறை; பவர் வரம்பைத் தூக்கிவிடும், ஏஎம்டியின் பிபிஓ (பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ்); வரம்பை அப்படியே வைத்து வோல்ட்டேஜை மட்டும் குறைக்கும், அதே ஏஎம்டியின் கர்வ் ஆப்டிமைசர்; ப்ராசஸரைத் தொடாமல் ராம் மெமரியை மட்டும் அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி. எடுத்துக்காட்டுக்கு ஏஎம்டியின் ரைசன் 5 5600எக்ஸ் ப்ராசஸர். பெட்டியில் 65 வாட் என்று போட்டிருந்தாலும் சாக்கெட்டில் 76 வாட் வரை இழுக்கும், பூஸ்ட் (தானாக ஏறும் உச்ச வேகம்) 4.6 கிகாஹெர்ட்ஸ், வெப்ப எல்லை 95 டிகிரி.

முதலில் உங்கள் மதர்போர்டு ஓவர்க்ளாக்கை விடுமா?

ஏஎம்டியில் பி450, பி550, பி650 போர்டுகள் விடும். ஏ520, ஏ620 விடாது. இன்டெலில் பெயர் கே என்றோ கேஎஃப் என்றோ முடியும் சிப்பும் இசட் வரிசை போர்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஐ5-12400எஃப், பி660 ஜோடி வைத்திருப்பவர்களுக்கு மல்டிப்ளையர் (வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கெண்) பூட்டித்தான் வரும். அவர்கள் எக்ஸ்எம்பி பகுதிக்கு நேராகப் போகலாம், இழப்பு ஒன்றும் பெரிதல்ல.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை கே சிப் என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்பு பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட். வோல்ட்டேஜ் அளவுக்கு மீறி ஏறி சிப் நிரந்தரமாகத் தளரும் சிக்கல் 2024-ல் வெளிவந்து, இன்டெல் பயாஸ் வழியாக ஏறும் மைக்ரோகோட் திருத்தங்களை வெளியிட்டதோடு உத்தரவாதத்தையும் 2 ஆண்டு நீட்டியது. அந்தத் திருத்தம் ஏறாத போர்டில் ஓவர்க்ளாக் செய்வது ஓட்டை டயரில் காற்றுப் பிடிப்பது மாதிரி.

மேனுவல் முறை: வேகம் கொஞ்சம், சூடு நிறைய

சிப் வெளியிடும் சூடு வேகத்தோடு நேராக ஏறும், வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். 4.4-லிருந்து 4.6 கிகாஹெர்ட்ஸுக்குப் போக வோல்ட்டேஜை 1.20-லிருந்து 1.30 ஆக்க வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். வேகம் நாலரை சதவீதம் கூடுகிறது. சூடு சுமார் 23 சதவீதம் கூடுகிறது. 76 வாட் என்பது 93 வாட் ஆகிவிட்டது.

இதை அறைக்குள் கொண்டுவந்து பாருங்கள். உங்கள் கூலர் 76 வாட்டில் அறை வெப்பத்தைவிட 45 டிகிரி கூடுதலாகச் சிப்பை வைக்கிறது என்றால், 38 டிகிரி அறையில் 83. மேனுவலுக்குப் பிறகு அந்த 45 என்பது 55 ஆகும்; மொத்தம் 93. எல்லைக்கு இரண்டே டிகிரி. ஃபேன் இறக்கையில் கொஞ்சம் தூசி சேர்ந்தாலே போதும், சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஏற்காட்டில் அதே செட்டிங், அறை 24 டிகிரி. கணக்கு 79 என்று வர வேண்டும். ஆனால் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடச் சுமார் 14 சதவீதம் குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுழன்றாலும் அள்ளிக்கொண்டு போகும் சூடு குறைகிறது. 55 என்பது 60 பக்கம் போகும் என்று வைத்தாலும் 84, 85. மலைக்காரர்களுக்கு லாபம்தான், குளிரைப் பார்த்து நினைக்கும் அளவுக்கு இல்லை.

இன்னொரு குறை சூட்டைவிட எரிச்சலானது. 4.5-ல் எல்லாக் கோர்களையும் பூட்டினால், ஒரே கோர் வேலையில் தானாக 4.6 தொட்டுக்கொண்டிருந்த சிப் இனி தொடாது. கேமில் ஃப்ரேம் குறையலாம். நாள் முழுக்க வீடியோ ரெண்டர் ஓடும் மெஷின் தவிர, 5000 வரிசை ரைசனுக்கு மேனுவல் முறையை நாங்கள் சொல்ல மாட்டோம். செய்தே தீருவேன் என்றால் நிலையான வோல்ட்டேஜ் 1.25-ஐத் தாண்ட வேண்டாம். எதையும் மாற்றாத கம்பெனி செட்டிங்கில் 1.45 காட்டுகிறதே என்று வாதிடுவார்கள். அது ஒரு கோர் ஒரு நொடி லேசான வேலையில் தொடும் அளவு. எல்லாக் கோரும் முழுச் சுமையில் இருக்கும்போது அதே வோல்ட்டேஜைக் கொடுத்தால் சிப்பின் ஆயுள்தான் கரையும்.

பிபிஓ வரம்பு

பயாஸில் பிபிஓ லிமிட் என்ற இடத்தில் ‘மதர்போர்டு’ என்று ஒரு தேர்வு இருக்கும். அது கிட்டத்தட்ட மதகைத் திறந்துவிடுவது. ப்ராசஸருடன் இலவசமாக வரும் சின்னக் கூலரை வைத்துக்கொண்டு மே மாதத்தில் இதைத் தொடவே கூடாது. நான்கு ஹீட்பைப், 120 மில்லிமீட்டர் ஃபேன் கொண்ட டவர் கூலர் இருந்தால் பிபிடி (சாக்கெட் பவர் வரம்பு) என்ற இடத்தில் 76-க்குப் பதில் 90 என்று கையால் எழுதுங்கள், அதோடு நிறுத்துங்கள். ஏற்காட்டில் 100 வரை போகலாம்.

கர்வ் ஆப்டிமைசர்: எங்கள் ஓட்டு இதற்கே

மேனுவல் முறையின் கணக்கு இங்கே தலைகீழ். வோல்ட்டேஜ் குறைந்தால் சூடு குறைகிறது, மிச்சமாகும் வாட்டைச் சிப் தானே வேகமாக மாற்றிக்கொள்கிறது. வெயில் ஊருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

தொடங்கும் முன் ப்ராசஸரை முழுச் சுமையில் சோதிக்கும் சினிபெஞ்ச் ஆர்23-ஐப் பத்து நிமிடம் ஓட்டி, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கருவி காட்டும் வெப்பம், வேகம், சினிபெஞ்ச் தரும் ஸ்கோர் மூன்றையும் தாளில் எழுதுங்கள். அறை வெப்பத்தையும் சேர்த்து. இல்லாவிட்டால் நாளைக்கு ஐந்து டிகிரி குறைந்தது செட்டிங்காலா மழையாலா என்று தெரியாது.

பிறகு மெஷின் ஆன் ஆகும்போது டெலீட் விசையை அழுத்தி பயாஸுக்குள் போங்கள். அட்வான்ஸ்ட், ஏஎம்டி ஓவர்க்ளாக்கிங், பிபிஓ; அங்கே அட்வான்ஸ்ட் என்று மாற்றினால் கர்வ் ஆப்டிமைசர் தெரியும். ஆல் கோர், நெகட்டிவ், 10. எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். ஒரு படி என்பது ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட். பத்துப் படிக்கு 30 முதல் 50 மில்லிவோல்ட் இறங்கும். மைனஸ் 30 வரை பயாஸ் விடும் என்பதால் முதல் நாளே 30 போடாதீர்கள். எல்லாக் கோரும் ஒரே தரம் அல்ல. சிப் தானே ‘சிறந்தது’ என்று குறித்திருக்கும் இரண்டு கோர்கள்தான் மிக உயர பூஸ்ட் ஆகும், அவைதான் முதலில் தடுமாறும். அவற்றுக்கு 5 முதல் 10, மற்றவற்றுக்கு 15 முதல் 20 என்று கோர் வாரியாகப் பிரித்துப் போடுவது நல்லது.

இதில் ஏமாறும் இடம் சோதனைதான். சினிபெஞ்ச் பாஸ் ஆகும், ப்ரைம்95 மணிக்கணக்கில் ஓடும், ஆனால் யூடியூப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மெஷின் பட்டென்று ரீஸ்டார்ட் ஆகும். முழுச் சுமையில் வேகம் குறைவு, வோல்ட்டேஜ் போதும். ஒற்றைக் கோர் உச்ச வேகத்துக்குத் தாவும் நொடியில்தான் பற்றாக்குறை. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் வீஆ லாகர் (ஹார்ட்வேர் பிழைப் பதிவு) 18 அல்லது 19 என்ற பதிவு இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. கோர்சைக்ளர் என்ற இலவசக் கருவி ஒவ்வொரு கோராகச் சோதித்து எது தவறியது என்று சொல்லும். ராத்திரி முழுக்க ஓடட்டும். தவறிய கோருக்கு மைனஸை ஐந்து குறையுங்கள், 20 இருந்தால் 15 ஆக்குங்கள்.

ஏற்காட்டுக்காரர்கள் கவனிக்க ஒன்று. சூடு குறைந்தால் சிப் இன்னும் மேலே பூஸ்ட் ஆகும். மே மாதம் சேலத்தில் மைனஸ் 20-ல் சமர்த்தாக ஓடிய மெஷின், மார்கழி விடியற்காலையில் மலைமேல் டெஸ்க்டாப் திறந்தவுடன் விழலாம். எனவே வெப்பச் சோதனையைக் கோடை மாலையில் செய்யுங்கள், நிலைத்தன்மைச் சோதனையைக் குளிர் காலையில் செய்யுங்கள்.

எக்ஸ்எம்பி: தொடங்க வேண்டிய இடம்

3200 ராம் வாங்கிய பலருடைய மெஷினில் அது 2133 அல்லது 2666-ல்தான் ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைப் பாருங்கள். இரண்டு ஸ்டிக் என்றால் ப்ராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள்; பயாஸில் எக்ஸ்எம்பியை ஆன் செய்யுங்கள், அதன் பெயர் சில போர்டுகளில் டிஓசிபி, ஏஎம்டியின் டிடிஆர்5 போர்டுகளில் எக்ஸ்போ. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ல் நான்கு பாஸ் பிழையில்லாமல் வந்தால் முடிந்தது. சூடு ஏறக்குறைய ஏறவே ஏறாது. செலவு எதுவும் இல்லாத இந்த வேலையை விட்டுவிட்டுப் பலர் மல்டிப்ளையரில் கை வைக்கிறார்கள்.

தறிப் பஞ்சும் கரண்டும்

தறி ஓடும் தெருவில் வீடு என்றால் பயாஸுக்கு முன் கேபினட்டைத் திறங்கள். பஞ்சு ஹீட்சிங்க் தகடுகளின் மேல் கம்பளி மாதிரி படிந்திருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் ஃபேனுக்குப் பின்னால் இருப்பது தெரியாது. ஃபேனைக் கழற்றி, இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயர் அடியுங்கள். பிடிக்காவிட்டால் அது தாறுமாறாகச் சுழன்று பேரிங் கெடும். கூலரைக் கழற்றினால் சிப்பின் மேல் இருக்கும், சூடு கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைத்து, பட்டாணி அளவு புதிது வைக்க வேண்டும். 5600எக்ஸ் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில் கூலரை நேரே மேலே இழுக்காதீர்கள், பேஸ்ட் ஒட்டி ப்ராசஸரே சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வரும், அதன் ஊசிகள் வளையும். பத்து நிமிடம் மெஷினை ஓட்டிச் சூடாக்கி, ஆஃப் செய்து, இடவலமாகத் திருகி எடுங்கள்.

பயாஸ் அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் போர்டு செத்துவிடக்கூடும், ஆகவே யூபிஎஸ் இல்லாமல் அந்த வேலை வேண்டாம். 600 விஏ யூபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட்தான்; 200 வாட் கிராஃபிக்ஸ் கார்டும் மானிட்டரும் சேர்ந்த மெஷினில் பிபிஓவைத் திறந்துவிட்டால், கரண்ட் போகும் நொடியில் யூபிஎஸ் கத்திவிட்டு ஆஃப் ஆகும். ஏற்காட்டில் கோடை இடி மழை வந்தால் ப்ளக்கோடு லேன் வயரையும் பிடுங்கிவிடுங்கள்.

எந்த வழியானாலும் மெஷின் ஆன் ஆகி டிஸ்ப்ளே வராமல் போகும் நாள் ஒன்று வரும். பதற வேண்டாம். மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்து, போர்டில் உள்ள காசு வடிவ சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போட்டால் பயாஸ் பழைய நிலைக்கு வந்துவிடும். அதன் பிறகு எக்ஸ்எம்பியையும் மறுபடி ஆன் செய்ய வேண்டும், அதை மறந்துவிட்டு மெஷின் மந்தமாகிவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.